அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் பிலிப்பினோ வம்சாவளியினர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிலிப்பினோ வம்சாவளி வீரர் என்று யாரைச் சொல்கிறோம்?

அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி என்று யாராவது ஒருவர் வழியாகப் பிலிப்பைன்ஸில் வேர் உள்ளவர்களை. பெரும்பாலும் இவர்கள் அமெரிக்காவிலேயே பிறந்து, அங்கேயே பள்ளி முடித்து, கல்லூரி அணிக்கு வந்தவர்கள். சிலர் கனடா, ஜெர்மனி, இங்கிலாந்து என்று வேறு நாடுகளில் வளர்ந்து, கூடைப்பந்துக்காக அமெரிக்கக் கல்லூரியில் சேர்ந்தவர்கள். 2020 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் பிலிப்பினோ வேர் உள்ளவர்கள் சுமார் 44 லட்சம் பேர். கலிஃபோர்னியாவிலும் ஹவாயிலும் அதிகம்.

பெயரை வைத்துக் கண்டுபிடித்துவிடலாமா?

முடியாது. புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். சாண்டோஸ், ரெய்யஸ், க்ரூஸ் என்று தேடினால் பாதிப் பேரைத் தவற விட்டுவிடுவீர்கள். டவுன்சென்ட், கிளார்க்சன், ஹார்ப்பர், மார்ட்டின், கிளார்க், நார்வுட், பிரிக்மேன்: இந்தக் கட்டுரையில் வரும் முக்கியமான ஆண் வீரர்களின் குடும்பப் பெயர்கள் இவை. ஒன்றில்கூடப் பிலிப்பைன்ஸ் தெரியாது. காரணம், இவர்களுக்கு அந்த வேர் அம்மா வழியாக வந்தது. குடும்பப் பெயர் அப்பாவுடையது. இந்த வரலாற்றைச் சரியாகச் சொல்வதென்றால் அம்மாக்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

ஏன் இத்தனை பேருக்கு அம்மா வழி?

1898 முதல் 1946 வரை பிலிப்பைன்ஸ் அமெரிக்க ஆட்சியில் இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் சூபிக் விரிகுடாவில் கடற்படைத் தளம், பம்பாங்கா மாகாணத்தில் கிளார்க் விமானத் தளம் என்று அமெரிக்கப் படைகள் 1990களின் தொடக்கம் வரை அங்கேயே இருந்தன. அமெரிக்க வீரர்களுக்கும் பிலிப்பினோ பெண்களுக்கும் திருமணங்கள் நடந்தன. 1965இல் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் தளர்ந்ததும் செவிலியர்கள் பெருமளவில் அங்கே போனார்கள். ஆண்களும் போகாமல் இல்லை. ஹவாயின் கரும்புத் தோட்டங்களுக்கு 1906லேயே கூலிகளாகப் போனார்கள், அமெரிக்கக் கடற்படையில் சமையல், பரிமாறும் வேலைகளில் சேர்ந்தார்கள். ஆனால் கல்லூரி அணிகளில் இன்று பேசப்படும் பெயர்களை எடுத்துக்கொண்டால், அப்பா அமெரிக்கர், அம்மா பிலிப்பினோ என்கிற குடும்பமே திரும்பத் திரும்ப வருகிறது.

கூடைப்பந்தும் அதே ஆட்சிக் காலத்தில்தான் தீவுகளுக்குப் போனது. ஒய்எம்சிஏ வழியாகவும் அமெரிக்கர்கள் நடத்திய பள்ளிகள் வழியாகவும் பரவி, சில பத்தாண்டுகளிலேயே அது மக்களின் ஆட்டமாகிவிட்டது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் பிலிப்பைன்ஸ் ஐந்தாம் இடம், 1954 உலகப் போட்டியில் வெண்கலம். ஆக, அந்த அம்மாக்கள் கூடைப்பந்து தெரியாத வீட்டிலிருந்து வந்தவர்கள் இல்லை.

முதலில் பெயர் வாங்கியவர் யார்?

ரேமண்ட் டவுன்சென்ட். கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் வளர்ந்தவர். அம்மாவின் ஊர் பத்தாங்காஸ் மாகாணத்தில் பாலயான். 1974இல் லாஸ் ஏஞ்சலஸின் யுசிஎல்ஏ பல்கலைக்கழக அணியில் சேர்ந்தார். அது பயிற்சியாளர் ஜான் வுடனின் கடைசி ஆண்டு. 1975 மார்ச்சில் வுடன் பத்தாவது தேசியப் பட்டத்துடன் விடைபெற்றபோது, முதலாண்டு மாணவரான டவுன்சென்ட் அந்த அணியில் இருந்தார். அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவின் அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1978இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அவரை 22ஆவதாகத் தேர்ந்தெடுத்தது. என்பிஏவில் ஆடிய முதல் பிலிப்பினோ வம்சாவளி வீரர் அவர்தான்.

அவருடைய தம்பி கர்ட்டிஸ் டவுன்சென்டும் கூடைப்பந்துக்காரர். 2004 முதல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். அவரைப் பற்றிக் கொஞ்சம் கீழே மறுபடி வருகிறது.

இவர்களில் யாராவது தேசியச் சாம்பியன் ஆகியிருக்கிறார்களா, அதிலும் ஆட்டத்தைத் தீர்மானிக்கிற இடத்தில் இருந்து?

ஆகியிருக்கிறார்கள். இரண்டு பேரைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒருவர் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் கிஹெய் கிளார்க். உயரம் 5 அடி 9 அங்குலம்தான். 2019 மார்ச் 30, லூயிவில் நகரம், எதிரணி பர்டூ. தேசியப் பட்டத்துக்கான மார்ச் போட்டி, ஜெயித்தால் கடைசி நான்கு அணிகளில் ஒன்று. ஆறு நொடிகூட மிச்சமில்லை, வர்ஜீனியா இரண்டு புள்ளி பின்தங்கி இருக்கிறது. வர்ஜீனியாவின் டை ஜெரோம் இரண்டாவது ஃப்ரீ த்ரோவை, அதாவது எதிரணியின் தவறுக்காகக் கிடைத்த தடையில்லா எறிதலைத் தவற விட, சக வீரர் மமாடி டியாகிட்டே எகிறித் தட்டிவிட்ட பந்து கூடையை விட்டு விலகி, ஆடுகளத்தின் மறுபாதிக்கே ஓடிவிட்டது. முதலாண்டு மாணவரான கிளார்க் பந்தைத் துரத்தி ஓடினார். எடுத்ததும் அங்கிருந்தே ஷாட் போட்டுப் பார்க்கத்தான் யாருக்கும் கை போகும். அவர் நிமிர்ந்து பார்த்தார். டியாகிட்டே தனியாக நிற்பது தெரிந்தது. நீளமாக ஒரு பாஸ், டியாகிட்டே கையிலிருந்து ஷாட், மணி அடிக்கும்போது பந்து வலைக்குள். கூடுதல் நேரத்தில் வர்ஜீனியா 80-75 என்று வென்றது. ஒன்பது நாள் கழித்து மின்னியாபொலிஸில் டெக்சஸ் டெக்கை வென்று பட்டமும் எடுத்தது. கல்லூரிக் கூடைப்பந்தில் நான் பார்த்த சிறந்த பாஸ் எது என்று கேட்டால் யோசிக்காமல் அதைத்தான் சொல்வேன்.

அதே கிளார்க் ஐந்தாவது ஆண்டும் வர்ஜீனியாவில் ஆடி, அந்தப் பல்கலைக்கழகத்தின் அசிஸ்ட் (சக வீரர் புள்ளி எடுக்க வழிசெய்யும் பாஸ்) சாதனையை முறியடித்தார். 2023 மார்ச்சில் ஃபர்மனுக்கு எதிரான முதல் சுற்று ஆட்டத்தில், வர்ஜீனியா இரண்டு புள்ளி முன்னிலையில் இருக்க, கடைசி நொடிகளில் மூலையில் இருவர் அவரை மடக்கினார்கள். அவர் தூக்கி எறிந்த பந்து எதிரணியின் கைக்குப் போனது. ஜேபி பெக்ஸ் மூன்று புள்ளி ஷாட்டைப் போட்டுவிட்டார். 68-67, வர்ஜீனியா வெளியே. கிளார்க்கின் கல்லூரி ஆட்டம் அதோடு முடிந்தது. அந்த ஒரு பாஸை வைத்து அவரை அளந்தவர்கள் அன்று நிறைய. ஐந்து வருட உழைப்பை அப்படி ஒரு நொடிக்குள் அடக்குவது பெரிய அநியாயம்.

இன்னொருவர்?

ரெமி மார்ட்டின். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துப் பையன், அம்மா பிலிப்பினோ. அரிசோனா ஸ்டேட்டில் நான்கு வருடம் ஆடினார். கடைசி இரண்டு பருவங்களிலும் சராசரி 19 புள்ளிக்கு மேல். அங்கே அவர்தான் எல்லாம். பிறகு 2021இல் கான்சாஸுக்கு மாறினார். அங்கே நிலைமை வேறு: முழங்கால் காயம், பல ஆட்டங்கள் வெளியே, திரும்பி வந்தபோது பெஞ்சிலிருந்து மாற்று வீரராக இறங்கும் ஆள். நட்சத்திரமாக இருந்துவிட்டு அதை ஏற்றுக்கொள்வது எளிதல்ல. மார்ச் வந்தது, கதை மாறியது. பிராவிடன்ஸுக்கு எதிராக 23 புள்ளிகள். மார்ச் போட்டியின் மிட்வெஸ்ட் பிரிவில் சிறந்த வீரர் விருது. ஏப்ரல் 4, 2022 அன்று நியூ ஆர்லியன்ஸ் இறுதியாட்டத்தில் கான்சாஸ் பாதி ஆட்டத்தில் நார்த் கரோலினாவிடம் 40-25 என்று பின்தங்கி இருந்தது. முடிவு 72-69, கான்சாஸ் சாம்பியன். இறுதியாட்ட வரலாற்றிலேயே மிகப் பெரிய மீட்சி அது. மார்ட்டின் 14 புள்ளிகள், அதில் நான்கு மூன்று புள்ளி ஷாட்கள்.

அன்று கான்சாஸ் பெஞ்சில் உதவிப் பயிற்சியாளராக உட்கார்ந்திருந்தவர் கர்ட்டிஸ் டவுன்சென்ட். 1975இல் அண்ணன் பட்டம் வென்ற அணியில், 2022இல் தம்பி பட்டம் வென்ற பெஞ்சில். நடுவே 47 வருடம்.

ஹார்ப்பர் சகோதரர்களுக்குப் பிலிப்பைன்ஸ் தொடர்பு எப்படி?

அப்பா ரான் ஹார்ப்பர், ஐந்து என்பிஏ பட்டங்கள் வென்றவர். செய்திகள் அவரைப் பற்றித்தான் பேசும். ஆனால் பிள்ளைகளுக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தது அம்மா மரியா. பிலிப்பைன்ஸின் பத்தானில் பிறந்து, சிறுமியாக நியூ ஜெர்சிக்கு வந்து, நியூ ஆர்லியன்ஸ் பல்கலைக்கழக அணியில், கல்லூரி ஆட்டத்தின் உச்ச நிலையான டிவிஷன் 1 கூடைப்பந்து ஆடியவர். பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோது அவர்களுடைய அணிகளுக்கு அவர்தான் பயிற்சியாளர். பிறகு அவர்கள் படித்த டான் போஸ்கோ பள்ளி அணியிலும் உதவிப் பயிற்சியாளர்.

மூத்தவர் ரான் ஹார்ப்பர் ஜூனியர் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்கு ஆடினார். 2021 டிசம்பர் 9 அன்று, வரலாற்றிலேயே முதன்முறையாக நாட்டின் முதலிடத்துக்கு வந்திருந்த பர்டூ அணி ரட்கர்ஸ் அரங்குக்கு வந்தது. மூன்று நொடிகள் மிச்சம், பர்டூ ஒரு புள்ளி முன்னிலை. ஹார்ப்பர் பந்தை வாங்கி, நடுக்கோட்டைத் தாண்டியதும் எகிறி எறிந்தார். உள்ளே போய்விட்டது, 70-68. அன்று அவருக்கு 30 புள்ளி, 10 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவது). முதலிட அணியை ரட்கர்ஸ் வென்றது அதுவே முதல் தடவை.

இளையவர் டிலன் 2024-25 பருவத்தில் ஒரே ஒரு வருடம் ரட்கர்ஸில் இருந்தார். நோட்ரே டேமுக்கு எதிராக 36, அடுத்ததாக அலபாமாவுக்கு எதிராக 37 என்று லாஸ் வேகாஸில் அவர் ஆடிய இரண்டு ஆட்டங்கள் போதும், அவர் யார் என்று புரிய. அணி 15-17 என்று முடித்து மார்ச் போட்டிக்கே தகுதி பெறவில்லை. 2025 டிராஃப்டில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அவரை இரண்டாவதாக எடுத்தது.

அதிகம் பேசப்படாத, ஆனால் தெரிந்திருக்க வேண்டிய பெயர்?

ஜேசன் பிரிக்மேன். புரூக்ளினில் உள்ள லாங் ஐலண்ட் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர், அம்மா பிலிப்பினோ. 2014இல் 1,009 அசிஸ்ட்களுடன் கல்லூரி வாழ்க்கையை முடித்தார். டிவிஷன் 1 வரலாற்றில் ஆயிரத்தைத் தொட்ட நான்காவது ஆள் அவர். முன்னால் இருந்த மூவர் பாபி ஹர்லி, கிறிஸ் கார்க்கியானி, எட் கோட்டா. மூவரும் டியூக், நார்த் கரோலினா ஸ்டேட், நார்த் கரோலினா என்று பெரிய இடத்து ஆட்கள். தொலைக்காட்சி எட்டிப் பார்க்காத ஒரு சிறிய பல்கலைக்கழகத்திலிருந்து அந்த வரிசையில் போய் நிற்பது சாதாரண விஷயமில்லை.

கேப் நார்வுட் இன்னொருவர். 2006இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகம் மார்ச் போட்டியில் தன் பிரிவின் 11ஆம் தரவரிசையிலிருந்து புறப்பட்டு மிச்சிகன் ஸ்டேட், நார்த் கரோலினா, கனெக்டிகட் என்று சாய்த்துக் கடைசி நான்குக்குப் போனது. அந்த அணியில் இருந்தவர்.

ஜேலன் கிரீன் எந்தக் கல்லூரி?

அம்மா வழியில் பிலிப்பினோ வேர் உள்ள இந்த என்பிஏ வீரர் எந்தக் கல்லூரியும் இல்லை. 2020இல் பள்ளி முடித்ததும் என்பிஏவின் துணை லீக்கான ஜி லீக்கின் இக்னைட் அணியில் சேர்ந்து, 2021இல் ஹூஸ்டனுக்கு இரண்டாவது தேர்வாகப் போனார்.

ஜோர்டன் கிளார்க்சன் பிலிப்பைன்ஸுக்கு ஆடுகிறார். அப்படியானால் மற்றவர்களும் ஆடலாம்தானே?

இங்கேதான் சிக்கல். கிளார்க்சனின் அம்மாவழிப் பாட்டி பம்பாங்காவில் பகோலோர் ஊர்க்காரர். கிளார்க்சன் டல்சாவில் இரண்டு வருடம் ஆடி, மிசூரிக்கு மாறி, அன்றைய விதிப்படி ஒரு வருடம் சும்மா உட்கார்ந்து, 2013-14இல் சராசரி 17.5 புள்ளி எடுத்தார். டிராஃப்டில் 46ஆவது ஆளாகப் போனவர், 2021இல் என்பிஏவின் சிறந்த ஆறாவது வீரர், அதாவது சிறந்த மாற்று வீரர். 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியின் தொடக்க விழாவில் பிலிப்பைன்ஸ் கொடியை ஏந்திச் சென்றவரும் அவரே.

ஆனால் உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபீபாவின் போட்டிகளில் அவர் உள்ளூர் வீரராகக் கணக்கில் வரமாட்டார். 16 வயது நிறைவதற்குள் அந்த நாட்டின் பாஸ்போர்ட் எடுத்திருந்தால்தான் உள்ளூர் ஆள். அதற்குப் பிறகு எடுத்தவர்கள் குடியுரிமை வழங்கப்பட்ட வெளிநாட்டவர் வரிசையில் வருவார்கள், அப்படி ஒருவருக்குத்தான் அணியில் இடம். அதனால் பிலிப்பைன்ஸ் கிளார்க்சனை அழைத்தால், பிலிப்பினோ ரத்தமே இல்லாத, ஆனால் குடியுரிமை பெற்ற ஜஸ்டின் பிரௌன்லியை அழைக்க முடியாது. இருவரும் ஒரே இடத்துக்குப் போட்டி.

நாடுகள் காசு கொடுத்து வீரர்களை வாங்குவதைத் தடுக்கத்தான் இந்த விதி. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் பாட்டியின் ஊரைச் சொல்லி வருகிறவனையும் ஒப்பந்தத்துக்காக வருகிறவனையும் ஒரே தட்டில் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 15 வயதுப் பையனுக்கு பாஸ்போர்ட் எடுக்க வேண்டும் என்று எப்படித் தோன்றும்? அது பெற்றோருக்குத் தெரிந்திருந்தால் மட்டுமே நடக்கும். கலிஃபோர்னியாவில் வளர்ந்து, கால் ஸ்டேட் ஃபுல்லர்ட்டனிலும் கால் பாலி பொமோனாவிலும் ஆடிய ட்வைட் ராமோஸ் உள்ளூர் வீரராகவே தேசிய அணியில் நிலைத்தார். அவரிடம் காகிதம் நேரத்தோடு இருந்தது.

அம்மா பிலிப்பினோ என்றால் பிள்ளைக்குக் குடியுரிமை தானாக வராதா?

பிள்ளை பிறக்கும்போது அம்மா பிலிப்பைன்ஸ் குடிமகளாக இருந்தால் வரும். 1973க்கு முந்தைய அரசியல் சட்டம் அப்பா வழியைத்தான் நேரடியாக ஏற்றது. அம்மா வழிப் பிள்ளைகள் வயது வந்தபின் தாங்களே விண்ணப்பித்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அது இப்போது இல்லை. ஆனால் பிள்ளை பிறப்பதற்கு முன்பே அம்மா அமெரிக்கக் குடியுரிமை வாங்கியிருந்தால் கதை வேறு. 2003இல் வந்த இரட்டைக் குடியுரிமைச் சட்டத்தின்படி அம்மா முதலில் தன் குடியுரிமையை மீட்டெடுக்க வேண்டும். 18 வயது ஆகாத, திருமணமாகாத பிள்ளைகளுக்கு அப்போது அதோடு சேர்ந்து கிடைக்கும். அங்கே குடும்பம் நடத்தும் பெற்றோர் யாராவது இதைப் படித்தால், பையனுக்கோ பெண்ணுக்கோ பந்தில் ஆர்வம் தெரிகிறதோ இல்லையோ, பத்து வயதுக்குள் இந்த வேலையை முடித்து வையுங்கள்.

பிலிப்பைன்ஸிலேயே வளர்ந்தவர்கள் ஏன் அமெரிக்கக் கல்லூரிகளில் குறைவு?

போக முயன்றவர்கள் உண்டு. கோபே பாராஸ் 2016இல் யுசிஎல்ஏவுக்குப் போவதாக இருந்தது, சேர்க்கை கிடைக்கவில்லை. கிரெய்ட்டனில் ஒரு பருவம் இருந்துவிட்டு, கடைசியில் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். 7 அடிக்கு மேல் உயரமான காய் சோட்டோ கல்லூரியைத் தேர்ந்தெடுக்கவே இல்லை.

படிப்புத் தகுதி, அமெச்சூர் விதி, விசா என்று தடைகள் பல. 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரப் பணம் சம்பாதிக்கலாம். 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பங்கு தரலாம். ஆனால் மாணவர் விசாவில் இருப்பவருக்கு வேலை செய்து சம்பாதிப்பதில் கட்டுப்பாடுகள் உண்டு. அமெரிக்காவில் பிறந்த வம்சாவளிப் பிள்ளைகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. அப்புறம், மணிலாவிலேயே கல்லூரி ஆட்டத்துக்கு நிரம்பி வழியும் அரங்குகளும் பெயரும் புகழும் காத்திருக்கின்றன.

பிலிப்பைன்ஸிலும் என்சிஏஏ உண்டாமே?

உண்டு, 1924இல் தொடங்கியது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏவுக்கும் அதற்கும் பெயர் ஒற்றுமை மட்டும்தான். இன்று அங்கே அதைவிடப் பெரியது 1938இல் பிறந்த யுஏஏபி என்னும் பல்கலைக்கழக லீக்.

கல்லூரி முடிந்ததும் இவர்கள் எங்கே போகிறார்கள்?

என்பிஏ கிடைப்பது விரல் விட்டு எண்ணக்கூடியவர்களுக்கு. பலருக்கு வழி 1975இல் தொடங்கிய பிபிஏ, ஆசியாவின் முதல் தொழில்முறைக் கூடைப்பந்து லீக். நார்வுட் 2008 பிபிஏ டிராஃப்டின் முதல் தேர்வு. பென் ஸ்டேட்டில் ஆடிய ஸ்டான்லி பிரிங்கிள் 2014இன் முதல் தேர்வு. ஜெர்மனியில் வளர்ந்து நெப்ராஸ்காவிலும் ஹவாயிலும் ஆடிய கிறிஸ்டியன் ஸ்டாண்ட்ஹார்டிங்கர் 2017இன் முதல் தேர்வு. இப்போது ஜப்பானின் பி லீக்கும் நல்ல சம்பளம் தருகிறது, ராமோஸ் போனது அங்கேதான்.

எனக்குப் பிடித்த பயணம் க்வென்டின் மில்லோரா-பிரவுனுடையது. ரைஸ், வாண்டர்பில்ட், சிட்டடெல் என்று மூன்று அமெரிக்கக் கல்லூரிகள். மிச்சமிருந்த ஒரு வருடத்தை அம்மாவின் நாட்டில் ஆடலாம் என்று பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 2024இல் யுஏஏபி பட்டம் வென்றார்.

பெண்கள் பிரிவில்?

பேசப்படுவது குறைவு, ஆட்கள் குறைவில்லை. கைலா படில்லா பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு ஆடி 2020இல், கிழக்கு அமெரிக்காவின் எட்டுப் பழைய பல்கலைக்கழகங்கள் ஆடும் ஐவி லீக்கின் சிறந்த புதுமுகம் ஆனார். பட்டம் வாங்கியபின் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமான யுஎஸ்சிக்குப் போய், நட்சத்திர வீராங்கனை ஜூஜூ வாட்கின்ஸுடன் சேர்ந்து 2024இல் மேற்குப் பகுதிப் பல்கலைக்கழகங்களின் பசிபிக்-12 போட்டியை வென்றார். அந்த வருடம் ஐவி லீக்கிலிருந்து யுஎஸ்சிக்கு வந்த மூன்று பேரில் அவர் ஒருவர். அந்த அணியின் நிதானம் அவர்களால் வந்தது. டியூக்கில் ஆடிய வனெஸா டி ஹெசூஸ் 2023 மகளிர் ஆசியக் கோப்பையில் பிலிப்பைன்ஸ் சீருடை அணிந்தார். ஃபேர்லி டிக்கின்சனில் ஆடிய எல்லா ஃபஹார்டோவும் பிலிப்பைன்ஸ் தேசிய அணி வீராங்கனை. ஹவாயின் கோனா பக்கத்திலிருந்து மொலீனா சகோதரிகள் மூவரும் வாஷிங்டன் ஸ்டேட்டில் ஆடினார்கள், மூத்தவர் ஷனெல் அந்த அணியின் தூண். கவனித்துப் பாருங்கள், பெண்கள் பட்டியலில் பிலிப்பினோ குடும்பப் பெயர்கள் சட்டென்று கண்ணில் படும்.

பயிற்சியாளர்கள் யாராவது?

என்பிஏ அணியான மயாமி ஹீட்டின் எரிக் ஸ்போல்ஸ்ட்ரா. அம்மாவின் ஊர் லகூனா மாகாணத்தில் சான் பாப்லோ. அவரும் கல்லூரி வீரர்தான், போர்ட்லண்ட் பல்கலைக்கழகத்தின் பாயிண்ட் கார்டு, அதாவது ஆட்டத்தை நடத்திச் செல்பவர். 1990 மார்ச் 4 அன்று லயோலா மேரிமவுண்டின் ஹேங்க் கேதர்ஸ் ஆட்டத்தின் நடுவே சரிந்து விழுந்து இறந்தார். எதிரணி போர்ட்லண்ட், களத்தில் இருந்தவர்களில் ஸ்போல்ஸ்ட்ராவும் ஒருவர். 2008இல் ஹீட்டின் தலைமைப் பயிற்சியாளராகி 2012, 2013 பட்டங்களை வென்றார்.

இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் எப்போது பார்க்கலாம்?

பருவம் நவம்பர் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை. 68 அணிகள் மோதும் மார்ச் போட்டிதான் உச்சம். அமெரிக்கக் கிழக்குப் பகுதியில் மார்ச் மாத மாலை 7 மணி என்றால் நமக்கு மறுநாள் அதிகாலை 4:30. முதல் சுற்றுக்கு வியாழன், வெள்ளி ஆட்டங்கள் அங்கே நண்பகலிலேயே தொடங்கிவிடும், அதாவது நமக்கு இரவு 9:30 மணிக்கு மேல். பழைய ஆட்டத்திலிருந்து தொடங்க விரும்பினால் 2019 வர்ஜீனியா - பர்டூ ஆட்டத்தை முழுதாகப் பாருங்கள், கடைசி நொடிகளை மட்டும் வெட்டிப் பார்க்காதீர்கள். பர்டூவின் கார்சன் எட்வர்ட்ஸ் அன்று 42 புள்ளி எடுத்தார் என்பது தெரிந்தால்தான் கிளார்க் எதைக் காப்பாற்றினார் என்று புரியும்.